பதினாறு கடை விஸ்கி விலை

போன வாரம் எதிர்வீட்டு அருள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர், நல்ல மனுஷன், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, இதப் பாருங்க. எந்தக் கடையில எந்த விஸ்கி இருக்குது, இன்னா ரேட்டு, போட்டிருக்கிற விலைக்கு மேல எவ்ளோ ஜாஸ்தி வாங்குறான், எல்லாத்தையும் குரூப்ல போட்டுடறாங்க. ஆம்பூரு, பள்ளிகொண்டா, காட்பாடி, எல்லாக் கடையும் இருக்குது. இந்த வேலைக்கா மாமா உங்களுக்கு மாசாமாசம் சம்பளம் குடுத்தாங்க?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை, "எழுந்து போய்யா வெளிய" என்று கத்திவிட்டேன். அவர் முகம் செத்துப் போய்விட்டது. என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்து, "சிரிச்சிப் பேசுற ஆளைப் புடிச்சி ஏன் இப்பிடி வள்ளுனு விழறீங்க?" என்று என்னைத் திட்டினாள். சாயங்காலம் நானே போய் அருளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொன்னார். ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அருள் சொன்னது உண்மைதான். என் வேலை அதுதான். அரசு மதுக்கடைகளைக் கவனிக்கும் மாவட்ட அலுவலகத்தில் பதினோரு வருடம் கடை கடையாகப் போய் விஸ்கியின் விலையை ஒப்பிட்டு எழுதினேன். எனக்கு வயிற்றில் புண், ஒரு சொட்டு வாயில் வைத்தது கிடையாது. என் பொறுப்பில் இருந்த பதினாறு கடையின் விலை தெரியும், ஒரு விஸ்கியின் ருசி தெரியாது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் ஒரு காலத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு நாற்பது வயது வரைக்கும் சில்லறை வேலைகள் செய்துகொண்டிருந்தேன். கடைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள், தொகுப்பூதியம், பிறகு நிரந்தரமாக்குவார்கள் என்றார்கள். போனேன். நிரந்தரமும் ஆக்கவில்லை, ஒரு மண்ணும் ஆக்கவில்லை. ஆம்பூர் கடை ஒன்றில் கம்பிக்குப் பின்னால் நின்று எட்டு ஒன்பது வருடம் விற்றேன். ஒரு நாள் பீர் ஜில்லென்று இல்லை என்று ஒருவன் பாட்டிலைக் கம்பி வழியாக என் தலையில் எறிந்தான். இடது காதுக்கு மேலே ஆறு தையல். அந்தக் காது இன்றைக்கும் கேட்காது. அதற்குப் பிறகு கவுன்ட்டரில் நின்றாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துப் போய் நோட்டெல்லாம் ஈரமாகும். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லி, மாவட்ட அதிகாரி என்னைத் தன் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த மனுஷன் என்னை அங்கிருந்து எடுத்திருக்காவிட்டால் நான் பைத்தியமாகியிருப்பேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் செய்ததற்கு இதுதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

ஒப்பிடும் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். இரண்டு பேர் போவோம். செல்வம் என்று ஒரு அலுவலக உதவியாளர், லுங்கி கட்டிக்கொண்டு முதலில் போய்க் கடை ஓரமாகப் பீடி பற்ற வைப்பார். அவர் சாட்சி. நான் ஐந்து நிமிடம் கழித்துப் போவேன். கடைக்கு முன்னால் போகக் கூடாது, முதலில் பின்பக்கம் போக வேண்டும். அங்கே காலி அட்டைப் பெட்டிகள் கிடக்கும். எந்தச் சரக்கு அன்றைக்கு வந்திறங்கியது என்று பெட்டி சொல்லிவிடும். புதிதாகக் கிழித்த பெட்டியில் மணிக்கூண்டு படம் போட்டிருந்தால், விலை குறைந்த மணிக்கூண்டு விஸ்கி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் யாரும் பெயர் சொல்லிச் சரக்கு கேட்க மாட்டார்கள். மணிக்கூண்டு, சிவப்பு மூடி, தங்க லேபிள், இப்படித்தான் கேட்பார்கள்.

பிறகு முன்பக்கம் வந்து, "மணிக்கூண்டு ஒரு குவார்ட்டர்" என்று கேட்பேன். "இல்ல, தங்க லேபிள்தான் இருக்குது" என்பார் விற்பனையாளர். பெட்டி பின்னால் கிடக்கும், பாட்டில் மேஜைக்கு அடியில் இருக்கும். விலை அதிகமான சரக்கு தேங்கிப் போனால் அதைத் தள்ளுவதற்காகக் குறைந்ததை ஒளித்து வைப்பார்கள். இதற்கு என் நோட்டில் தனிக் கட்டம் உண்டு: இருந்தும் இல்லை என்றது. கொடுத்தால் பெரிய நோட்டாக நீட்டுவேன். மீதி எவ்வளவு என்று வாய் திறந்து கேட்கக் கூடாது. கேட்டால் உஷாராகிவிடுவார்கள். மீதியை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டீக்கடைக்குப் போய், டீ வருவதற்குள் எண்ணி எழுதிவிட வேண்டும். பாட்டிலைக் காகித உறையில் போட்டு ஒட்டி, நானும் செல்வமும் கையெழுத்துப் போடுவோம். உறைகள் அதிகாரியின் அறையில் உள்ள இரும்பு அலமாரிக்குப் போகும். வாரக் கடைசியில் உறைகள் குறைந்திருக்கும். அதை எழுதுவதற்கு என் நோட்டில் கட்டம் கிடையாது.

பதினாறு கடையும் ஒரே அரசின் கடைதான், ஒரே விலைதான் அச்சிட்டிருக்கும். ஆனாலும் ஒரு கடை மாதிரி இன்னொன்று இருக்காது. காட்பாடியில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் காலேஜ் படிக்கிற வெளியூர்க்காரர்கள் வருவார்கள், விலை உயர்ந்த விஸ்கி அங்கே அடுக்கடுக்காக இருக்கும், இருபது ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போவார்கள். பள்ளிகொண்டா ஹைவேயில் லாரிக்காரர்கள், எல்லாம் அரை பாட்டில்தான், வண்டியை ஆஃப் பண்ணாமலே வாங்குவார்கள். அமிர்தி அருவிக்குப் போகிற சாலையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நல்ல சரக்கு வரும், மற்ற நாளில் ஒன்றும் தேறாது. தோல் தொழிற்சாலைப் பக்கத்துக் கடைகளில் மணிக்கூண்டுதான் எல்லாம். தொட்டியில் இறங்கித் தோல் மிதிக்கிறவனுக்கும் டிரம் உருட்டுகிறவனுக்கும் வேறு எதுவும் கட்டாது. அவனிடம்தான் பத்து ரூபாய் கூட வாங்குவார்கள். ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டால், உடைந்த பாட்டிலுக்கு யார் கொடுப்பது, கரென்ட்டுக்கு யார் கொடுப்பது, மாதம் பிறந்தால் வந்து நிற்கிறவர்களுக்கு யார் கொடுப்பது என்று கேட்பார்கள். அதுவும் பொய் இல்லை.

ஒரு பேஜார் என்னவென்றால், மூன்றாவது கடைக்குள் நுழைவதற்குள் என் பெயர் எனக்கு முன்னால் போய்விடும். "ஏகாம்பரம் வர்றான்" என்று போன் பறந்துவிடும். அதற்கப்புறம் எல்லாக் கடையிலும் காந்திதான், அச்சிட்ட விலைதான். அதனால் நான் இன்னொரு வழி வைத்திருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை வாசலில் போய் நின்று, "இன்னாப்பா, எந்தக் கடையில கம்மி?" என்று கேட்பேன். அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கே தெரியாது. எந்தக் கடையில் என்ன இருக்கிறது, எவன் எவ்வளவு அடிக்கிறான், எவன் குளிர்ந்ததைத் தருவான் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்படிக் கேட்டபோதுதான் ஒரு நாள் தனபால் கடையைப் பற்றிச் சொன்னார்கள்.

"அந்தக் கோடிக் கடைக்குப் போ சார். போட்டிருக்கிற விலைதான். ஒரு பைசா ஜாஸ்தி கிடையாது. ஆனா அந்த ஆளு வாய் மட்டும் சரியில்ல, திட்டிக்கினேதான் குடுப்பான்."

ஆம்பூருக்கு வெளியே, தொழிற்சாலைகளையெல்லாம் தாண்டி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது அந்தக் கடை. பத்து ரூபாய் மிச்சம் பண்ண இரண்டு கிலோமீட்டர் நடந்தார்கள். நான் போனபோது வரிசை சாலை வரைக்கும் நின்றது. தனபால் நாற்பது நாற்பத்தைந்து வயது ஆள், ஒல்லி, மூக்குக் கண்ணாடி. மணிக்கூண்டு கேட்டேன், எடுத்து வைத்தார். நூற்று இருபது ரூபாய். இருநூறு கொடுத்தேன், எண்பது வந்தது. எனக்குப் பின்னால் நின்றவனிடம், "நேத்துதான வாங்கினே? போய்ப் புள்ளைக்கு எதுனா வாங்கிக் குடுடா" என்று திட்டிக்கொண்டே பாட்டிலையும் சரியான மீதியையும் வைத்தார். அவன் பல்லை இளித்துக்கொண்டு வாங்கிப் போனான்.

அடுத்த தடவை போனபோது நானே பேச்சுக் கொடுத்தேன். யார் என்று சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தனபால் பதினோரு வருடம் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியிலும் பிறகு குரோம் டிரம்மிலும் வேலை செய்தவர். அந்த ரசாயனம் அவர் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையும் வெடித்து, கொப்பளித்து, கடைசியில் ஒரு விரலை மடக்க முடியாமல் ஆகிவிட்டது. டாக்டர் இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். இந்தக் கடை வேலை இல்லையென்றால் அவருக்கு வேறு வேலை கிடையாது. மனைவி சாந்தி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர்.

"எல்லாரும் பத்து வாங்குறாங்க, நீங்க மட்டும் ஏன் வாங்கறதில்ல?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு முறை முறைத்தார். "பாட்டில்ல அச்சடிச்சிருக்குது இல்ல? எனக்குப் படிக்கத் தெரியும் இல்ல? அப்புறம் இன்னா கேள்வி இது?" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "தொட்டியில நிக்கும்போது மேஸ்திரி தோல் கணக்கைக் குறைச்சிக் காட்டி எங்கிட்ட அடிப்பான் சார். நாள் பூரா மிதிச்சிட்டுக் கம்மியா வாங்கினு வருவேன். அந்த வலி எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.

நான் அந்த மாதப் பட்டியலை மிகவும் சந்தோஷமாக எழுதினேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல செய்தி எழுதக் கிடைத்தது. பதினைந்து கடைக்கு நேரே 'அதிகம்: பத்து', 'அதிகம்: இருபது', 'இருந்தும் இல்லை என்றது'. பதினோராவது வரியில் தனபால் கடை. 'எல்லா வகையும் இருப்பில் உள்ளபடி தரப்படுகிறது. அதிகம்: இல்லை.' அந்த 'இல்லை'யின் கீழே ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு வேறு போட்டேன். முட்டாள், முட்டாள். அந்தக் கோட்டை நான்தான் போட்டேன்.

எங்கள் அதிகாரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யார் போனாலும் முதலில் உட்காரச் சொல்வார், தண்ணீர் தருவார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார். எதையும் தன் கையால் எழுத மாட்டார். பிடிக்காத வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். அந்த வரியை நாம் மாற்றி எழுதிக் கொண்டுபோனால் புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு, பொடியை வாயால் ஊதிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். கேட்டால், "நான் ஒண்ணும் சொல்லலையே" என்பார். உண்மையிலேயே அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

என் பட்டியலில் தவறு செய்த பதினைந்து கடைக்கும் புள்ளி இல்லை. பதினோராவது வரிக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஏகாம்பரம், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. பதினாறு கடையும் ஒரே மாதிரி இருந்தா ஊர் வழக்கம்னு போய்டும். பதினஞ்சு தப்பு, ஒண்ணு சரின்னு நீங்க எழுதிட்டா, அந்த ஒண்ணு மாதிரி மத்தது ஏன் இல்லன்னு மேல கேப்பாங்க. நான் பதில் சொல்லணும். பதினஞ்சு குடும்பம் தெருவுக்கு வரும். மத்த கடைக்காரங்க எல்லாம் ஏற்கனவே வந்து அழுதுட்டுப் போறாங்க, அந்த ஆளால வியாபாரமே படுத்துடுச்சாம்."

"அவர் சரியாத்தானே சார் விக்கிறாரு?"

"நான் இல்லன்னு சொன்னேனா? நீங்க பார்த்த அன்னைக்கு சரியா இருந்திருக்கும். மறுபடி ஒரு தடவை போய்ட்டு வாங்க. ஏழாம் தேதி கம்பெனில சம்பளம் போடுவாங்க, கூட்டமா இருக்கும். அன்னைக்குப் போங்க." தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "ஆபீஸ் வேலை உங்களுக்கு அலுத்துப் போச்சுன்னா சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு கடையில கவுன்ட்டருக்கு ஆள் கேட்டுட்டே இருக்காங்க."

அவர் ஒன்றும் மிரட்டவில்லை. நன்றாகப் பாருங்கள், அந்தப் பேச்சில் மிரட்டல் எங்கேயும் இல்லை. என் உள்ளங்கை மட்டும் வேர்த்துப் போயிருந்தது.

ஏழாம் தேதி பகல் ஒரு மணிக்கு நானும் செல்வமும் போனோம். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். கம்பிக்குள் பத்துக் கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. நான் நெருக்கிக்கொண்டு போகும்போது கடவுளை வேண்டிக்கொண்டேன். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? தனபால் இன்றைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பத்து ரூபாய் கூட எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது மீதியை மாற்றிக் கொடுத்துவிட வேண்டும், அப்போது நான் எழுதப் போவது பொய்யாகாது. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இன்னா வேணும், சீக்கிரம் சொல்லு, பின்னாடி ஆளு நிக்குது." மணிக்கூண்டு, இருநூறு ரூபாய் நோட்டு. பாட்டிலும் மீதியும் வந்தன. டீக்கடையில் எண்ணினேன். எண்பது. மறுபடி எண்ணினேன். எண்பதுதான்.

எனக்கு அந்த ஆள் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஏன்யா, இத்தனை கூட்டத்தில் ஒரு தடவை தப்புப் பண்ணினால் என்ன கெட்டுப்போகும் உனக்கு என்று நினைத்தேன். டீ வந்தது. நான் எழுதவில்லை. செல்வம் என் முகத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். "எழுதுங்கண்ணா, போலாம். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது" என்றார். 'திருப்பித் தந்தது: எழுபது. அதிகம்: பத்து' என்று எழுதினேன். அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அன்றைக்கும் முத்து முத்தாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து விசாரணை. அதிகாரியின் அறையில் அதிகாரி, தட்டச்சு செய்கிற ஒரு அம்மா, நான், செல்வம். தனபால் சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கொப்பளித்த வடு தெரியக் கூடாது என்று கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் ராத்திரி முழுவதும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அவர் கத்துவார், பொய்யன் என்பார், நான் அமைதியாக இருக்க வேண்டும் என்று. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறிக்கையைப் படித்துக் காட்டினார்கள். தனபால் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீயா வாங்கினது?"

"ஆமா."

"எவ்ளோ நோட்டு குடுத்தே?"

"இருநூறு."

"நான் எவ்ளோ திருப்பிக் குடுத்தேன்?"

"எழுபது."

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள்ளேயே ஏதோ கூட்டிக் கழித்தார். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு அவர் முகம் மாறியது. எனக்கு உயிர் உள்ளவரை மறக்காத முகம் அது. தன்னை நினைத்தே வெட்கப்படுகிற முகம்.

"அன்னிக்கு சம்பள நாளு. கூட்டம் ஜாஸ்தி" என்றார் மெதுவாக. "நீ பொய் சொல்ற ஆளு கிடையாது சார், நீ படிச்சவரு, எனக்கும் உனக்கும் இன்னா பகை? நான்தான் கைத்தப்பா எழுபது குடுத்துட்டிருப்பேன் போல. ஐயோ, எத்தினி பேருக்கு அப்பிடிக் குடுத்தேனோ தெரியலையே."

சட்டைப் பையில் கையை விட்டு ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். மடக்க முடியாத அந்த விரல் நீட்டிக்கொண்டிருந்தது. நோட்டை என் முன்னால் வைத்தார்.

"உன்னுது சார். மன்னிச்சிக்கோ."

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டேன். உடனே அதிகாரி தட்டச்சு அம்மாவிடம், "எழுதிக்கோங்கம்மா. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதிகமாகப் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தினார்" என்றார். அவர் வாயால் ஒரு வரியைச் சொல்லி எழுத வைத்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

தனபாலை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். கையும் களவுமாகப் பிடித்து நடவடிக்கை எடுத்ததாக மேலே அறிக்கை போனது, எங்கள் அலுவலகத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அந்தக் கடைக்குப் புது ஆள் வந்தார். அடுத்த மாதம் பதினோராவது வரியிலும் பத்து என்று எழுதினேன். பதினாறும் ஒன்றுபோல ஆகிவிட்டது, யாரும் எதுவும் கேட்கவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் இரண்டு கிலோமீட்டர் நடப்பதை நிறுத்திவிட்டார்கள். வாசலில் போய் நின்றால் என்னிடம் முன்போல யாரும் பேசவில்லை. என் மகளைக் கட்டிக்கொடுத்த மருமகனும் இதே தொகுப்பூதிய வேலையில்தான் இருக்கிறார். எங்கேயோ தூரத்துக் கடையில் கிடந்தவரை, அவருடைய வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு அதிகாரியே மாற்றிக் கொடுத்தார். நான் கேட்கக்கூட இல்லை.

தனபால் மறுபடி தோல் பக்கம்தான் போனார் என்று கேள்விப்பட்டேன். வெட்டிப்போட்ட துண்டுத் தோலைத் தரம் பிரிக்கிற கூலி வேலை. கையுறை போட்டுக்கொண்டு செய்வாராம், அதுவும் கொஞ்ச நாளில் முடியாமல் போனதாம்.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம் ஆகிறது. போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். சந்தன மாலை போட்டு, என்னைப் போல நேர்மையான ஆள் கிடைப்பது கஷ்டம் என்று பேசினார்கள். மாலையோடு வீட்டுக்கு வந்து கழிவறையில் போய் வாந்தி எடுத்தேன். அல்சர் என்று மனைவி நினைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன்.

ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. தனபால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் வெள்ளை மருந்து பூசியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வா சார், வா சார். சாந்தி, சார் வந்திருக்காரு பாரு, தண்ணி எடுத்தா." அவருக்கு என் மேல் ஒரு துளி கோபம் இல்லை. அவரே பேசிக்கொண்டு போனார். "அன்னியிலிருந்து எனக்கு என் மேலயே நம்பிக்கை போய்டுச்சு சார். கடைக்குப் போனா சில்லறையை மூணு வாட்டி எண்றேன். மத்தவன் எல்லாம் திருடறான்னு வாய் கிழியப் பேசினேன், கடைசில நானே எடுத்திருக்கேன் பாரு. என் மச்சானுங்க எல்லாம் இன்னா சொல்றானுங்க தெரியுமா? யோக்கியன் வேஷம் போட்டு எவ்ளோ அடிச்சானோ, மாட்டினது பத்துதான்னு சொல்றானுங்க. நான் பதில் சொல்ல முடியாது. இருந்தாலும் இருக்கும்."

நான் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. எண்பது ரூபாய் கொடுத்தீர்கள், இரண்டு தடவை எண்ணினேன், எழுபது என்று எழுதினேன் என்று சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார், "ஏய் சாந்தி, இங்க வாடி! நான் வாங்கலையாம்டி! சார் சொல்றாரு, நான் வாங்கல! சரியாத்தான் குடுத்தேனாம்!" அந்த மனுஷன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

சாந்தி தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சொம்பை எனக்குக் கொடுக்கவில்லை.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, நீ வாங்கியிருக்க மாட்டேன்னு" என்றார் புருஷனிடம். பிறகு என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "எழுதுனே, சரி. உன் வேலை போய்டும்னு பயந்து எழுதுனே. அந்தப் பத்து ரூபாய ஏன் சார் கை நீட்டி வாங்கினே?" என்று கேட்டார்.

நான் அங்கிருந்து கிளம்பினேன்.

தனபால் என்னைச் சந்து முனை வரைக்கும் வந்து வழியனுப்பினார். "சார், ஒரே ஒரு உதவி. ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. என் பேரு போட்டு, நான் வாங்கலைன்னு ஒரு வரி. கேஸு கீஸு ஒண்ணும் வாணாம், வேலையும் வாணாம். மச்சானுங்க கிட்ட காட்டணும், அவ்ளோதான்." நாளைக்கே எழுதிக் கொண்டுவந்து தருகிறேன் என்று அவருடைய மருந்து பூசிய கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே எழுதினேன். மருமகன் வந்திருந்தார். மேஜையில் இருந்ததைப் படித்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "மாமா, நீங்க ரிடையர் ஆய்ட்டீங்க. நான் இன்னும் அவங்க கையிலதான் இருக்கேன். என் கடையில நான் எவ்ளோ வாங்குறேன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார். என் மகள் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். பத்து மாதம் ஆகிறது. ஆம்பூர்ப் பக்கம் போகவில்லை.

இப்போது இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, அதிகாரியின் பெயரை எழுதவில்லை. தனபால் கேட்டது தன் பெயர் போட்டு ஒரே ஒரு வரி. தனபால் என்பது அவர் பெயர் இல்லை.